மூச்சால் கட்டப்படும் முட்டை ஓடு

திருகோணமலையின் பாலையூற்றிலிருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருக்கிறார். வீட்டின் பின்வளவில், மதிலோரமாக, சில ஊர்க்கோழிகள் வளர்க்கிறார். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் முட்டைகளின் ஓடு மெலிந்துவிடுகிறதாம். கூட்டிலிருந்து எடுக்கும்போதே பெருவிரல் உள்ளே போய்விடுகிறதாம். கடற்கரையில் பொறுக்கிய மட்டி ஓட்டை மாவாக இடித்துத் தீனியோடு பிசைந்து கொடுத்தும் பெரிய மாற்றம் இல்லை. மாமியார் இதைக் கண்ணூறு என்று சொல்லி, செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறார். அதற்கும் ஓடு தடிக்கவில்லை. “கல்சியம் குறைந்தால் ஓடு மெலியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கல்சியம் கொடுத்த பிறகும் மெலிகிறதே, ஏன்?” என்பது அவரது கேள்வி.

கல்சியம் கொடுத்த பிறகும் என்ற அந்தச் சொற்களை அவர் சேர்த்ததால்தான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. விடையின் பெரும்பகுதி தீனித் தட்டில் இல்லை, கோழியின் மூச்சில் இருக்கிறது.

முட்டை உருவாகும் கதையின் முதற்பகுதி பலருக்கும் தெரிந்ததே ஆகையால் விரைந்து கடந்துவிடலாம். பெட்டைக்கோழியில் பெரும்பாலும் இடப்பக்கச் சூலகம் ஒன்றே வளர்ந்து இயங்குகிறது. அதிலிருந்து விடுபடும் மஞ்சட்கருவை ஏறத்தாழ 60 முதல் 70 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு குழாய் ஏந்திக்கொள்கிறது. சேவல் சேர்ந்திருந்தால் முதல் கால் மணித்தியாலத்துக்குள் கருக்கட்டல் நிகழும். சேராவிட்டாலும் முட்டை தன் வழியே போகும். அடுத்த 3 மணித்தியாலங்களில் வெண்கரு சுற்றிக்கொள்ளும். அதன்பின் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இரண்டு மெல்லிய சவ்வுகள் போர்த்தப்படும். அவித்த முட்டையை உரிக்கும்போது விரலில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த வெண்தாள்தான் இது. இவ்வளவும் முடியும்போது ஐந்து மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. ஆனால் முட்டை வெளியே வர 24 முதல் 26 மணித்தியாலங்கள் எடுக்கின்றன. எஞ்சிய ஏறத்தாழ 20 மணித்தியாலங்களும் ஓட்டுச் சுரப்பி என்ற ஒரே அறையில், ஓடு கட்டுவதற்காகவே செலவாகின்றன. அந்த வேலையின் மும்முரமான பகுதி, கோழி கூட்டில் ஒடுங்கிக் கண்மூடியிருக்கும் இரவில் நடக்கிறது.

அந்த அறைக்குள் நுழையும்போது முட்டை நீர் நிரம்பிய ஒரு தோற்பை போலத் தொய்ந்திருக்கிறது. வெளிச்சவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத புரதக் குமிழ்கள் ஆயிரக்கணக்கில் புள்ளிபுள்ளியாக இருக்கின்றன. சுரப்பி நீரிலுள்ள கல்சியம் காபனேற்று முதலில் இந்தப் புள்ளிகளில்தான் படிகிறது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கல்சைற்றுப் பளிங்குகள் எல்லாப் பக்கமும் விரிகின்றன. பக்கத்துப் புள்ளியின் பளிங்குகளோடு முட்டிக்கொண்டதும், பக்கவாட்டில் இடமில்லாமல், வெளிநோக்கி மட்டும் தூண்களாக உயர்கின்றன. தூண்கள் முழுமையாக நெருங்காத இடங்களில் நுண்துளைகள் எஞ்சுகின்றன. ஒரு முட்டையில் இவ்வாறான துளைகள் பல ஆயிரம். உள்ளே குஞ்சு வளர்ந்தால் அவற்றின் வழியேதான் அது ஒட்சிசனைப் பெறும். இருட்டறையில் கைப்பேசி விளக்கை முட்டையின் அடியில் வைத்துப் பாருங்கள். நல்ல ஓடு ஒரே சீரான செம்மஞ்சளாக ஒளிரும். கச்சான் காலத்து ஓட்டிலோ வெளிச்சம் திட்டுத்திட்டாக, சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி ஊடுருவும். அந்த இடங்களில் தூண்கள் போதிய உயரம் எழாமல் இருந்திருக்கலாம். சாதாரண ஓட்டின் தடிப்பே 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர்தான் என்பதால், அதில் சிறிது குறைந்தாலும் விரல் உணர்ந்துவிடும்.

இப்போது கல்சியக் கணக்கு. கடையில் வாங்கும் 60 கிராம் முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது. ஊர்க்கோழி முட்டை சிறியது, அதில் சற்றுக் குறையும். ஆனால் எந்த ஒரு கணத்திலும் கோழியின் குருதியில் ஓடிக்கொண்டிருக்கும் கல்சியம் முழுவதையும் கூட்டினாலும் சில பத்து மில்லிகிராம்களே தேறும். ஓட்டுச் சுரப்பியோ மணித்தியாலத்துக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இழுத்துக்கொள்கிறது. ஆக, ஓடு கட்டும் இரவில், குருதியிலுள்ள கல்சியம் முழுவதும் 10, 15 நிமிடங்களுக்கு ஒருமுறை காலியாகித் திரும்ப நிரப்பப்பட வேண்டும். கோழியோ அந்த நேரத்தில் எதையும் கொத்தித் தின்பதில்லை. மாலையில் விழுங்கியது குடலில் இருக்கும்வரை அதிலிருந்து கல்சியம் வரும். அது தீர்ந்ததும் எலும்பிலிருந்து வரும்.

பறவைகள் இதற்கென்றே தனியான ஓர் எலும்பை வைத்திருக்கின்றன. பெட்டைக்கோழி முட்டையிடத் தயாராகும்போது ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோனின் தூண்டுதலால் தொடை, கால் எலும்புகளின் மச்சைக் குழிக்குள் நுண்ணிய எலும்பு முட்கள் நிறைகின்றன. இவை உடலைத் தாங்குவதற்கானவை அல்ல. இரவில் கரைக்கப்பட்டு, பகலில் திரும்பக் கட்டப்படுவதற்கானவை. ஓட்டிலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இந்தச் சேமிப்பைத் தொட்டு வருகிறது. 2005இல் மேரி சுவைற்சரும் அவரது குழுவினரும், அமெரிக்காவின் மொன்ரானாவில் எடுக்கப்பட்ட ரைரனோசோரசு என்ற டைனோசர் ஒன்றின் தொடை எலும்புக்குள் இதேபோன்ற இழையத்தைக் கண்டதாக அறிவித்தார்கள். உலங்குவானூர்தியில் ஏற்றுவதற்காக அந்த எலும்பை உடைக்க வேண்டியிருந்ததால்தான் உட்பக்கம் பார்வைக்குக் கிடைத்தது. எனக்கு இதில் ஓயாத வியப்பு உண்டு: மதிலோரம் குப்பை கிளறும் கோழியின் தொடைக்குள் இருப்பது 6 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய ஏற்பாடு. எலும்பிலிருந்து கடன் வாங்கும் வழக்கம் பறவைகளோடு நிற்பதுமில்லை. எங்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலில் நின்று வருவோர் போவோரிடம் வாழைப்பழம் கேட்கும் ஆண் புள்ளிமானும், கொம்பு வளர்க்கும் காலத்தில் தன் எலும்புக்கூட்டிலிருந்து கல்சியம் எடுத்துக்கொள்கிறது.

வாசகியின் மட்டி ஓட்டுத் தூள் இந்தக் கல்சியக் கணக்கைத்தான் சரிசெய்யப் பார்த்தது. ஆனால் ஓடு கல்சியத்தால் மட்டும் ஆனதன்று. அதன் 95 வீதத்துக்குக் கிட்டியது கல்சியம் காபனேற்று. சாதாரண தரத்தில் இரசாயனம் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்லும்: கல்சியம் 40, காபன் 12, ஒட்சிசன் மூன்று சேர்ந்து 48, மொத்தம் 100. அதாவது, எடையில் பார்த்தால் கல்சியம் ஐந்தில் இரண்டு பங்குதான். மற்ற மூன்று பங்கும் காபனேற்று. அந்தப் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது?

மட்டி ஓடும் கல்சியம் காபனேற்றுத்தானே, அதிலிருந்தே வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கோழியின் இரைப்பையில் அமிலம் இருக்கிறது. ஓட்டுத் துண்டொன்றை வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ போட்டால் குமிழி குமிழியாகப் பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். பொங்கி வெளியேறும் வாயு, காபனேற்று சிதைந்து உண்டாகும் காபனீரொட்சைட்டு. கோழியின் வயிற்றிலும் இதுவே நடக்கிறது. கல்சியம் தனியே பிரிந்து குடலால் உறிஞ்சப்படுகிறது. எனவே ஓட்டுக்கு வேண்டிய காபனேற்றைக் கோழி புதிதாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. அதற்கான மூலப்பொருள், உடலின் கலங்கள் உணவை எரிக்கும்போது இடைவிடாது உண்டாகிற, நாமெல்லாம் கழிவென்று வெளியே ஊதிவிடுகிற காபனீரொட்சைட்டு. ஓட்டுச் சுரப்பியின் கலங்களில் காபனிக் அன்ஐதரேசு என்ற நொதியம் இந்த வாயுவை நீருடன் சேர்த்து இருகாபனேற்றாக மாற்றுகிறது. அது கல்சியத்தைச் சந்தித்ததும் பளிங்காகிப் படிகிறது. நுரையீரல் வழியே காற்றில் கலந்திருக்க வேண்டிய மூச்சு, வழியில் மறிக்கப்பட்டுக் கல்லாகிறது. இந்த நொதியம் எவ்வளவு முக்கியமானது என்பதை 1940களிலேயே கண்டுகொண்டார்கள். சல்பா வகை மருந்து கொடுக்கப்பட்ட கோழிகள் தீனியில் குறைவில்லாதபோதும் ஓடற்ற முட்டைகளை இட்டன. அந்த மருந்து காபனிக் அன்ஐதரேசைத் தடுத்துவிடும்.

கச்சான் உள்ளே நுழையும் இடம் இதுவே. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்டு, கிழக்கே இறங்குகிறது. வறண்ட காற்று ஒவ்வொரு 100 மீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ 1 பாகை சூடேறும். அதனால்தான் திருகோணமலையில் அந்த மாதங்களில் நிழலிலேயே வெப்பநிலை 35 பாகையை எட்டுகிறது. கோழியின் உடல் வெப்பநிலையே 41 பாகைக்கு மேல். அதற்கு வியர்வைச் சுரப்பிகளும் கிடையா. அது அலகைத் திறந்து, செட்டையை உடலிலிருந்து விலக்கி, தொண்டை துடிக்க மூச்சிரைக்கிறது. ஈரம் ஆவியாகி உடல் சற்றுக் குளிர்கிறது. ஆனால் அந்த வேகமான மூச்சோடு காபனீரொட்சைட்டும் தேவைக்கு அதிகமாக வெளியேறிவிடுகிறது. குருதியில் இருகாபனேற்று குறைகிறது, குருதி காரத்தன்மையை நோக்கி நகர்கிறது. அப்படி நகரும்போது கரைந்திருந்த கல்சிய அயன்களில் ஒரு பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சுரப்பிக்குக் கிட்டாமல் போகிறது. வெயிலில் கோழி தீனியும் குறைவாகவே எடுக்கும். எத்தனை கரண்டி மட்டி ஓட்டுத் தூள் கலந்தாலும், கல்சியத்தோடு இணைவதற்குக் காபனேற்று இல்லையென்றால் தூண்கள் எழமாட்டா.

மூச்சிரைப்பது பகலில், ஓடு கட்டுவது இரவில், இரண்டும் எப்படிச் சந்திக்கின்றன என்று கவனமான வாசகர் கேட்கலாம். பிற்பகலிலேயே முட்டை சுரப்பிக்குள் இருக்கிறது. மாலையில் பளிங்குப் படிவு வேகமெடுக்கிறது. எங்கள் ஊரில் கச்சான் சூரியனோடு சேர்ந்து அடங்கும் காற்றன்று. பெரும்பாலான வீடுகளில் கோழிக்கூட்டின் கூரை தகரம். நரிக்கும் கீரிக்கும் பயந்து கூட்டின் பக்கங்களையும் பலகையால் அடைத்துவிடுகிறோம். பகல் முழுவதும் காய்ந்த அந்தப் பெட்டிக்குள் கோழி இரவு நெடுநேரம் அலகைத் திறந்தபடியே இருக்கிறது.

1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணியை நேராகவே சோதித்தார்கள். வெப்பத்தில் வைத்த கோழிகளுக்குச் சாதாரண நீருக்குப் பதிலாகச் சோடாத் தண்ணீர், அதாவது காபனீரொட்சைட்டுக் கரைத்த நீர், குடிக்கக் கொடுத்தார்கள். ஓட்டின் தரம் மேம்பட்டது. கோழிக்குச் சோடா வாங்கிக் கொடுக்கவா மக்களின் பணம் என்று சிரிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எனக்கோ அது மிகச் செலவு குறைந்த, மிகத் தெளிவான பரிசோதனையாகத் தெரிகிறது: கல்சியத்தைத் தொடாமல் வாயுவை மட்டும் திரும்பக் கொடுத்து, ஓடு தடிக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். இங்கே ஆராய்ச்சிப் பணம் என்றாலே விலையுயர்ந்த இயந்திரமொன்றை இறக்குமதி செய்து திறப்பு விழா நடத்துவதாகிவிடுகிறது. ஒரு வெப்பமானி, ஒரு தராசு, ஓட்டின் தடிப்பை அளக்கும் ஒரு திருகுக் கணிச்சி, பின்வளவில் கோழி வளர்க்கும் சில பத்துக் குடும்பங்கள். இவற்றைக் கொண்டு ஓராண்டு முழுவதும் ஊர்க்கோழி முட்டையை அளந்துவரும் ஆய்வுக்குப் பணம் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்பதே என் எண்ணம்.

கண்ணூறு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மிளகாய் சுற்றிப் போடுவதால் கோழிக்குக் கேடில்லை, மாமியாரின் மனமும் ஆறும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்த நம்பிக்கை நிலைத்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். கச்சான் ஓய்ந்து மழை தொடங்கியதும் ஓடு தானாகவே தடிக்கும். அதற்கு முன் கடைசியாக என்ன செய்தோமோ, அதுவே பலித்ததாகிவிடும். அடுத்த ஆண்டு மிளகாயின் எண்ணிக்கை கூடும், தகரக் கூரை அப்படியே இருக்கும்.

செய்யத்தக்கவை எளியவை. தகரத்தின் மேல் கிடுகு போட்டு, காற்று வரும் பக்கத்துப் பலகையை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடிக்கலாம். தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னும் வைப்பது நல்லது. நண்பகலில் தின்னும் தீனி செரிக்கும்போது உடலில் வெப்பம் உண்டாக்கும். குடிநீரை மண்சட்டியில், நிழலில், பகலில் இரண்டு மூன்று தடவை மாற்றி வைக்க வேண்டும். சிப்பி ஓட்டை மாவாக இடிக்காமல் பருக்கைகளாக உடைத்து, தனிப் பாத்திரத்தில், மாலையில் வையுங்கள். மாவு விரைவில் குடலைக் கடந்துவிடும். பருக்கைகள் அரைவைப்பையில் தங்கி, கோழிக்குத் தேவைப்படும் இரவு நேரத்தில் மெல்லக் கரையும். முட்டையிடும் கோழி மாலையில் தானாகவே சிப்பி ஓட்டைத் தேடிக் கொத்துவதைப் பார்க்கலாம். மட்டி, சிப்பி எதுவானாலும் பொருந்தும். தம்பலகாமக் குடாவில் ஒருகாலத்தில் முத்துக்காக அள்ளிய தட்டைச் சிப்பியின் ஓடும் வேதியியலில் முட்டை ஓட்டின் உறவினன்தான். பெரிய பண்ணைகளில் வெப்ப காலத்தில் சோடியம் இருகாபனேற்றை, நாம் அப்பச்சோடா என்று வாங்குவதை, அளந்து தீனியில் சேர்ப்பதுண்டு. நாலைந்து கோழிகளுக்கு அந்த அளவைக் கைப்பிடியால் கணிப்பது சரிவராது, நிழலே மலிவு.

மழைக்காலத்திலும் ஓடு மெலிந்தே இருந்தால் காரணம் வேறு. வயதேறிய கோழி பெரிய முட்டை இடும். ஏறத்தாழ அதே அளவு சுண்ணாம்பு கூடுதலான பரப்பில் பரவ வேண்டியிருப்பதால் ஓடு மெலியும். அண்மையில் சல்பா மருந்து கொடுத்திருந்தால் மேலே சொன்ன நொதியத் தடையை நினைவிற் கொள்ளுங்கள். ஓடு மெலிவதோடு சுருக்கம் விழுந்து, வெண்கருவும் நீர்த்து, கோழி தும்மவும் செய்தால் அது மூச்சுக்குழாயைத் தாக்கும் தொற்றாக இருக்கலாம். அந்தக் கோழியைப் பிரித்து வைத்துவிட்டு, உடைந்த முட்டையொன்றையும் எடுத்துக்கொண்டு, கால்நடை வைத்தியரிடம் போவதே முறை.