தட்டில் விழும் நிழல்

போன வருடம் திருப்பாலையில் ஒரு வீட்டுக்கு அலமாரி வேலையாகப் போயிருந்தேன். புது வீடு, குடிவந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சுவாக்கில் அந்த வீட்டு அம்மா சொன்னார்: "எங்க மாமா இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து ராத்திரி மீன் குழம்பத் தொடுறதில்ல. மதியம் மட்டும் நல்லா சாப்பிடுறாரு." பெரியவருக்கு எழுபத்தைந்தைத் தாண்டிய வயது. அவரிடமே கேட்டேன். "கெண்டை முள்ளு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது தம்பி" என்றார். கண் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்திருக்கிறார்கள். கண்ணாடி பவர் சரியாகவே இருந்ததாம்.

அவரைத் தினமும் உட்காரும் நாற்காலியில் உட்காரச் சொல்லி, முன்னால் ஒரு தட்டை வைத்தேன். விஷயம் உடனே புரிந்துவிட்டது. டியூப் லைட் அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. குனிந்தால் அவர் தலையின் நிழல் அப்படியே தட்டை மூடியது. ஃபால்ஸ் சீலிங்கில் ஆறு டவுன்லைட் வேறு. ஆனால் அவை சுவரோரமாக ஓடின, மேசைக்கு நேர்மேலே ஒன்றுகூட இல்லை. மகன், "எல்லா லைட்டும்தான் எரியுதே சார்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், அறையில் வெளிச்சம் நிறையவே இருந்தது.

வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போய்ச் சேரும். அதனால் இளையவர்களுக்கு லேசாகத் தெரியும் நிழல் பெரியவர்களுக்கு இருட்டாகிவிடும். சாப்பாட்டு மேசைக்கு விளக்கு பார்க்கும்போது வீட்டிலேயே மூத்தவர் உட்காரும் இடத்திலிருந்துதான் நான் தொடங்குவேன். நீங்களும் இன்று இரவு ஒரு தட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பாருங்கள். கடைக்குப் போவதெல்லாம் அப்புறம்.

அந்த வீட்டில் மேசைக்கு நேர்மேலே ஒரே ஒரு தொங்கு விளக்கு போட்டோம். 9 வாட் எல்.இ.டி. பல்பு, சுற்றிலும் பால் நிறக் கண்ணாடிக் கூடு. பல்பு வெறுமனே கண்ணில் படக்கூடாது. கண்புரை தொடங்கியவர்களுக்கு அந்தக் கூச்சமே பெரிய தொந்தரவு. மேசையில் பளபளப்பான கிரானைட்டோ கண்ணாடியோ இருந்தால் பல்பின் உருவம் கீழிருந்தும் கண்ணைக் குத்தும்.

எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது? மேசைப் பலகையிலிருந்து 30 அங்குலம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ளும் வீட்டுக்கு அது சரி. நம் வீடுகளில் ஒருவர் நின்றுகொண்டு குனிந்து பரிமாறுகிறார். அவர் நெற்றியில் விளக்கு இடிக்கும். அதனால் நான் 36 அங்குலத்துக்குக் குறைப்பதில்லை. விளக்கின் அகலம் மேசை அகலத்தில் பாதி இருந்தால் போதும்.

பெரிய சிக்கல் மின்விசிறிதான். மதுரை வெயிலில் ஃபேன் இல்லாமல் யார் சாப்பிட முடியும்? அறை நடுவில் ஃபேன், அதற்கு மேலே சீலிங்கில் டவுன்லைட் என்று அமைத்துவிட்டால் றெக்கை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தை வெட்டும். மேசை முழுக்க நிழல் படபடக்கும், சிலருக்குத் தலைவலியே வந்துவிடும். டவுன்லைட்டை றெக்கை நுனியிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். இன்னும் நல்லது, மேசை மேல் தொங்கு விளக்கை வைத்துவிட்டுச் சுவர் ஃபேன் போட்டுக்கொள்வது. இதையெல்லாம் தளம் கான்கிரீட் போடும் முன்பே, பைப் பதிக்கும்போது முடிவு செய்ய வேண்டும். மேசை எங்கே வரும் என்று தெரியாமல் அறை நடுவில் பாயிண்ட் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

நிறம் பற்றி. 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தை நம் ஊரில் "நல்ல வெளிச்சம்" என்று கேட்டு வாங்குகிறார்கள். கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். சாப்பாட்டு மேசைக்கு 3000 கெல்வின் போதும், மஞ்சளே பிடிக்காதவர்கள் 4000 வரை போகலாம். அதைவிட முக்கியம் சி.ஆர்.ஐ. என்ற எண். பொருளின் உண்மை நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதை அது சொல்கிறது. அட்டையில் 80 என்று இருப்பதுதான் வழக்கம், 90 கேளுங்கள். 80-க்கும் கீழே போனால் மீன் குழம்பின் சிவப்பு செத்துப்போய்ப் பழுப்பாகத் தெரியும். வாங்கும்போது கடையிலேயே பல்பை எரியவிட்டு, போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பாருங்கள். கருப்புப் பட்டைகள் ஓடினால் அந்த பல்பு நடுங்குகிறது. வேண்டாம்.

கனமான தொங்கு விளக்கை ஃபால்ஸ் சீலிங் பலகையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். ஜிப்சம் பலகை அந்த எடையைத் தாங்காது. மேலே கான்கிரீட்டில் ஹூக்கோ ஆங்கர் போல்ட்டோ போட்டு அதிலிருந்துதான் இறக்க வேண்டும், எடையை ஒயர் சுமக்கக்கூடாது. பித்தளை, இரும்புக் கூடு என்றால் எர்த் ஒயர் கட்டாயம். லைட் பாயிண்ட்டுக்கு எர்த் எதற்கு என்று கேட்கும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

தொங்கு விளக்கில் ஒரு குறையும் உண்டு. மழை விட்ட இரவில், கண்மாய் பக்கத்து வீடுகளில் ஈசல் நேராகச் சாப்பாட்டுக்கே வந்து விழும். மஞ்சள் வெளிச்சத்துக்கு அவை வெள்ளையை விடக் குறைவாகத்தான் வரும், ஆனாலும் வரும். அதற்காகவே இந்த விளக்குக்குத் தனி சுவிட்ச் வைக்கச் சொல்வேன். அன்றைக்கு மட்டும் அதை அணைத்துவிட்டு வாசல் லைட்டைப் போட்டுவிட்டால் ஈசல் அந்தப் பக்கம் போய்விடும்.