கேஷ்: ஓர் ஒலியில் இரண்டு சொற்கள்

ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் காசிலிருந்து பிறந்தது என்று பலர் பெருமையோடு எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. ஒரே எழுத்தும் ஒரே ஒலியும் கொண்ட இரண்டு தனிச் சொற்கள் அங்கே இருக்கின்றன, ஒன்றுதான் நம்முடையது.

கையிலுள்ள பணத்தைக் குறிக்கும் கேஷ் லத்தீன் வழி வந்தது. 'காப்சா' என்றால் பெட்டி. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் அது பணப்பெட்டியைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபின், பெட்டியின் பெயர் அதற்குள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. மருந்துக்கடையின் 'கேப்ஸ்யூல்' இதற்கு உறவு: சிறு பெட்டி.

மற்றொரு கேஷ் ஒரு நாணயம். தென்னிந்தியாவில் கேட்ட 'காசு' என்ற சொல்லைப் போர்ச்சுகீசியர் தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா'வின் சாயலில் உச்சரித்தார்கள். ஆங்கிலேயர் அதையே கேஷ் ஆக்கி, சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கும் சூட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலச் சென்னையில் 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்னும் பொன் நாணயம். சென்னைக்காக இங்கிலாந்தில் 1808இல் அச்சிட்ட பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரையருகே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. கடலடியிலிருந்து எடுத்த அந்தக் காசுகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. அவற்றின் ஒரே பக்கத்தில் பாரசீகத்தில் 'காஸ்', அதன் கீழே ஆங்கிலத்தில் 'கேஷ்'. நம் உச்சரிப்புக்குப் பாரசீகமே நெருக்கம்!

தமிழில் காசின் வயது மிகப் பெரிது. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில், கிளி அலகில் பற்றிய வேப்பம்பழம், நூலில் கோக்க நகநுனியில் பிடித்த பொற்காசுபோல் தோன்றுகிறது. காசுமாலையில் அந்தப் பொருள் இன்னும் வாழ்கிறது. திருவீழிமிழலையில் சம்பந்தர் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடும்போது அது செலவாணி நாணயம். வாசி என்பது அதை மாற்றும்போது பிடிக்கும் கழிவு.

இனி, கேஷுக்கு எதைச் சொல்வது? நோட்டும் சில்லறையுமாகக் கையில் இருப்பதைத் துல்லியமாகச் சொல்வது ரொக்கம்தான். தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்குவதால் அதைத் தள்ள வேண்டியதில்லை. மருத்துவக் காப்பீட்டில் 'கேஷ்லெஸ்' என்பதைக் 'கட்டணமில்லா சிகிச்சை' என்று எழுதுவது மக்களை ஏமாற்றும். கட்டணம் உண்டு, அதைக் காப்பீட்டு நிறுவனம் நேரே செலுத்துகிறது. 'ரொக்கமில்லா சிகிச்சை' என்பதே சரி.

கூட்டுச்சொற்களில் மட்டும் என் மனம் காசின் பக்கம். காசாளர், காசோலை இரண்டும் நன்றாக வேரூன்றிவிட்டன. தமிழ்நாட்டுப் பாடநூல் 'ரொக்க ஏடு' என்பதை இலங்கை மாணவர்கள் 'காசேடு' என்று படிக்கிறார்கள். குறுகிய, புணர்ந்து நிற்கிற அந்தச் சொல்லை இங்கும் எடுத்துக்கொள்ளலாம்.