மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பாருங்கள்

சேர்வராயன் மலையில் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் போதும். அடிவாரத்தில் மாதக்கணக்கில் வறண்டு கிடந்த ஓடையில் செம்மண் வெள்ளம் கற்களையும் மரக்கிளைகளையும் உருட்டிக்கொண்டு வந்துவிடும். கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரி நிரம்புவது இந்த மலைத்தண்ணீரால்தான். சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும் இந்த மலையில் பிறந்து, நாமக்கல் மாவட்டம் வழியே காவிரியைச் சேர்கிறது.

நெடுஞ்சாலை வடிவமைப்பில் இருக்கும் நாங்கள் இந்த ஓடைகளைப் பெரும்பாலும் கோடையில்தான் பார்க்கிறோம். அப்போது அவை முள் மண்டிய வெறும் பள்ளங்கள்.

நான் வேலை செய்த ஒரு சாலையில் அருகருகே இருந்த இரண்டு ஓடைகளைப் பக்கவாட்டு வடிகாலால் இணைத்து, சாலைக்கு அடியில் குழாய்கள் பதித்த ஒரே குழாய்ப்பாலத்தில் விட்டோம். செலவு குறைந்தது, நீரளவுக் கணக்கிலும் பிழையில்லை. ஆனால், இரண்டாவது ஓடை வேறோர் ஊர் ஏரிக்கு உரியது என்பதை யாரும் கேட்கவில்லை. அடுத்த மழையில் அந்த ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை. இந்தப் பக்கம் குழாய் வாய்களில் கிளைகள் அடைத்து, சாலைக்கு மேற்புறமிருந்த வயல்கள் மூழ்கின. இரண்டு ஊருக்கும் பதில் சொல்ல முடியாமல் நின்றோம்.

அதன்பிறகு, கிராம வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கைக் குறிக்காமல் நான் சாலைக்குக் கோடு போடுவதில்லை. மலையடிவாரத்தில் சிறு குழாய்களை வரிசையாகப் பதிப்பதைவிட, அகலமான ஒரே கண் கொண்ட, பெட்டி வடிவிலான பெட்டிப்பாலம் நல்லது. அதுவும் ஓடை சாலையை எந்தக் கோணத்தில் குறுக்கிடுகிறதோ அதே கோணத்தில் அமைய வேண்டும். நேராக வெட்டித் திருப்பினால் வெள்ளம் கரையை அரித்துவிடும்.

ஊர்ப் போக்குவரத்தும் அப்படித்தான். சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் நுழைய முடியாத சுரங்கப்பாதையை நெடுஞ்சாலைக்கு அடியில் யாருக்காகக் கட்டுகிறோம்? அந்தப் பாதையையே வடிகாலாகவும் பயன்படுத்துவது இன்னும் கொடுமை. மழை நாளில் பள்ளிப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடக்கிறார்கள். நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் அணுகுசாலை பாதியில் நின்றுவிட்டால் இருசக்கர வாகனங்கள் எதிர்த்திசையில் வரத்தான் செய்யும். இதற்கு ஓட்டுபவரை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

நிலத்தின் சரிவும் விட்டுக்கொடுக்காது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் பாரவண்டிகள் பிரேக் சூடேறிக் கட்டுப்பாடு இழப்பதை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். சாலை போட்டபின் வேகத்தைத்தான் குறைக்கச் சொல்லலாம். சரிவைக் குறைப்பது எளிதல்ல.

உங்கள் ஊருக்கு அளவெடுக்க வருபவர்களிடம், எந்த மடைக்கு எந்த ஓடை என்று சொல்லுங்கள். பெருமழையின்போது வீட்டுச் சுவரில் படிந்த செம்மண் கறை இன்னும் இருந்தால், கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுங்கள். அந்தக் கறையின் உயரத்தை வைத்துத்தான் உச்ச வெள்ள மட்டத்தைக் குறிப்போம். பாலத்தின் அடிப்புறம் அதற்கு மேலே இருக்க வேண்டும்.