கரண்டியே போடலை, அப்புறம் ஏன் மீன் கரைஞ்சு போகுது?

தாராவில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. "அக்கா, எங்கம்மா சொன்ன மாதிரியே மண்சட்டிலதான் வைக்கேன், கரண்டியே போடுறதில்ல, ஆனாலும் பாங்டா போட்டா முள்ளு மட்டுந்தான் மிஞ்சுது, சுர்மாய் போட்டா ஓரமெல்லாம் மாவா போயிருது. அதே மீன வறுத்தா நல்லா வருது. ஏன்க்கா?" மும்பைல பொறந்து வளந்தும் திருநெல்வேலி பேச்சு மாறாத பொண்ணு, மீன் பேரு மட்டும் மும்பைப் பேரு. பாங்டான்னா நம்ம அயிலை.

நான் திருப்பி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், மீன எப்ப சட்டில போடுவ? மசாலா கரைச்ச தண்ணியோடயே மீனையும் சேத்துப் போட்டு, அடுப்ப சிம்ல வச்சுட்டு குளிக்கப் போயிடுவேன்னா. அங்கதான் இருக்கு சிக்கல். ரெண்டு வரில பதில் சொல்லிடலாம், ஆனா இதுக்குப் பின்னாடி இருக்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால விரிவாவே எழுதறேன்.

அடுத்த தடவை மீன் விக்கற மாவ்ஷி சுர்மாய், அதான் நம்ம வஞ்சிரம், துண்டு போட்டுத் தரும்போது ஒரு துண்ட கைல எடுத்து வெளிச்சத்துல பாருங்க. நடுவுல முள்ளு, அதச் சுத்தி வளையம் வளையமா மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடும். வெட்டின மரத்துல தெரியுமே, அந்த மாதிரி. ஆனா இதுல வயசு கணக்கு எதுவும் இல்ல. கடலைக்காரர் பேப்பர கோன் மாதிரி சுத்தி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி வச்சிருப்பாரு இல்லையா, மீனோட சதை அப்படித்தான் தலைல இருந்து வால் வரைக்கும் அடுக்கடுக்கா சொருகி இருக்கு. குறுக்க வெட்டினா வளையம். வேக வச்சா அதே அடுக்குதான் இதழ் இதழா பிரிஞ்சு வரும். அந்த வெள்ளைக் கோடு ஒவ்வொண்ணும் ஒரு மெல்லிசான ஜவ்வு, ரெண்டு அடுக்க ஒட்டி வச்சிருக்கற பசை அதுதான். அது கொலாஜன்னு ஒரு புரதம்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூட இதே கொலாஜன்தான், ஆனா அதுங்க நாள் பூரா தன் எடைய தானே தூக்கி நிக்கணும், அதனால சதைல சுமார் 15 சதவீதம் இந்த ஜவ்வு மாதிரி சமாச்சாரம். மீன தண்ணியே தாங்கிக்குது, சுமார் 3 சதவீதம் போதும். அளவு மட்டும் கம்மி இல்ல, கயிறும் வேற தரம்.

கயிறுன்னு சும்மா சொல்லல. கொலாஜன் நிஜமாவே மூணு இழைய சேத்து முறுக்கின கயிறு. இதக் கண்டுபிடிச்சது எங்கயோ இல்ல, சென்னைல. 1952-ல ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துல இயற்பியல் துறைத் தலைவரா வந்தாரு, அப்ப அவருக்கு முப்பது வயசு கூட முழுசா ஆகல. கங்காரு வாலோட தசைநாண எக்ஸ்ரேல வச்சுப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோட சேந்து 1954-ல அந்த மூணு இழை அமைப்ப வெளியிட்டாரு, அடுத்த வருஷமே இன்னும் செப்பம் பண்ணி, ஒவ்வொரு இழையும் தானும் முறுக்கி மத்த ரெண்டோடயும் சேந்து முறுக்கியிருக்குன்னு காட்டினாரு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு: மூணு இழையும் நெருங்கி உக்காரணும்னா நடுவுல இடமே கிடையாது, அதனால இழைல மணி மாதிரி கோத்திருக்கற அமினோ அமிலங்கள்ல ஒவ்வொரு மூணாவது மணியும் இருக்கறதுலயே சின்ன அமினோ அமிலமான கிளைசினா இருந்தாத்தான் கயிறு முறுக்கும். வேற எது வந்தாலும் இடிக்கும்! தோல், எலும்பு, நரம்பு, மீன் ஜவ்வு எல்லாத்துலயும் இந்த ஒரே கணக்கு. ஒரு தசைநாண எக்ஸ்ரே எடுத்து என்ன பிரயோஜனம்னு அன்னைக்கு யாராவது காசு குடுக்க மறுத்திருந்தா நமக்கு இது தெரிஞ்சிருக்காது, அதனாலதான் சொல்றேன், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது "உடனே என்ன யூஸ்"னு கேக்கறத நிறுத்தணும்.

சரி, சட்டிக்கு வருவோம். அந்தக் கயிற விறைப்பா நிக்க வைக்கற ஒரு மணி இருக்கு, ஹைட்ராக்சிபுரோலின்னு பேரு. சூடான உடம்புள்ள ஆட்டுக்கு அது நிறைய, மீனுக்குக் கம்மி, அதுலயும் குளுந்த தண்ணில வாழற மீனுக்கு இன்னும் கம்மி. அதனால ஆட்டுக்கறி ஜவ்வு கரைய கொதிக்கற சூட்டுல மணிக்கணக்கா வேகணும், மீனுக்கு 50, 55 டிகிரியே போதும், முறுக்கு அவுந்து மூணு இழையும் தனித்தனியா பிரிஞ்சு ஜெலட்டினா ஆயிடுது. அடுக்குகள ஒட்டி வச்ச பசை போச்சு. கிட்டத்தட்ட அதே சூட்டுலயே சதைல இருக்கற மயோசின்ங்கற புரதமும் உறைஞ்சு வெள்ளையா மாறிடும், இன்னும் கொஞ்சம் மேல போனா ஆக்டின்ங்கற இன்னொரு புரதமும் சுருங்கி தண்ணிய வெளிய பிழிஞ்சு தள்ளும், அப்பதான் மீன் சக்கை மாதிரி ஆகுது. அதாவது மீன் வேகறதுக்கும் வெந்து வீணாகறதுக்கும் நடுவுல நமக்குக் கிடைக்கற இடம் ரொம்ப சின்னது.

அந்தத் தங்கச்சி சட்டில இன்னொரு ஆளும் வேலை பாத்துருக்கு. மீன் செத்தாலும் அதோட சதைல புரதத்த அறுக்கற என்சைம் உயிரோடதான் இருக்கும். பாங்டா, சாளை மாதிரி மீன்ல இது பலம். சூடு ஏற ஏற சுறுசுறுப்பாகி 55, 60 டிகிரி பக்கம் வெறி புடிச்ச மாதிரி வெட்டும், 70 தாண்டினா அதுவே அடங்கிடும். பச்சத் தண்ணில போட்டு சிம்ல வச்சா மீன் அந்த ஆபத்தான இடத்துல மெதுவா நடந்து போகுது. செம்பூர்ல எங்க வீட்ல ரெண்டு சட்டி வச்சு, ஒரே மீன்ல வெட்டின ரெண்டு துண்டு, தெர்மாமீட்டர் குத்திப் பாத்தேன். பச்சத் தண்ணில போட்ட துண்டோட நடுப்பகுதி 50-க்கும் 65-க்கும் நடுவுல ஏழு நிமிஷத்துக்கு மேல நின்னுது. கொதிக்கற குழம்புல போட்டது ரெண்டு நிமிஷத்துல தாண்டிடுச்சு. மொத துண்ட தட்டுல எடுத்து விரலால அழுத்தினா பசை மாதிரி இழுத்துச்சு, ரெண்டாவது முழுசா இதழ் விட்டுச்சு.

அதனால பதில் இதுதான். புளியும் மசாலாவும் பச்ச வாசனை போக நல்லா கொதிக்கட்டும், எண்ணெய் மேல மிதக்கட்டும், அப்புறம் மீன ஒவ்வொண்ணா இறக்கு, மறுபடி ஒரு கொதி வந்ததும் தீயக் குறைச்சு அஞ்சாறு நிமிஷம், அவ்ளோதான், அடுப்ப அணைச்சுடு. மிச்சத்த மண்சட்டியோட சூடே பாத்துக்கும். கிளறணும்னா சட்டியோட ரெண்டு காதையும் துணியால புடிச்சு ஒரு சுத்து சுத்தி விடு. துண்டு தடிமனா இருந்தா கவனம், தடிமன் ரெண்டு மடங்குன்னா நடுவுக்கு சூடு போக கிட்டத்தட்ட நாலு மடங்கு நேரம் ஆகும்.

புளி எதுக்குன்னு கேப்பாங்க. கடல் மீன் உப்புத் தண்ணிய சமாளிக்க டிரைமெத்திலமைன் ஆக்சைடுன்னு ஒண்ண உடம்புல வச்சிருக்கும், செத்ததும் பாக்டீரியா அத டிரைமெத்திலமைனா மாத்தும், அந்தக் கவிச்சி அதான். அது வேதியியல்ல சொல்ற காரம், அதாவது அமிலத்துக்கு எதிர் வகை, புளில இருக்கற டார்டாரிக் அமிலம் அதுகூட சேந்து உப்பாக்கி குழம்புலயே கட்டிப் போட்டுடும், மூக்குக்கு வராது. கொங்கணக்காரங்க கோகம்ங்கற புளிப்புப் பழம் போடறதும், எலுமிச்சம்பழம் பிழியறதும் இதே கணக்குதான்.

வறுக்கும்போது ஏன் உடையறதில்ல? சூடான எண்ணெய்ல மேல்பக்கம் சட்டுனு தண்ணி வத்தி 140 டிகிரி தாண்டி செவந்து ஒரு ஓடு கட்டிக்குது, உள்ள பசை அவுந்தாலும் ஓடு தாங்கும். துண்ட நல்லா ஈரம் துடைச்சுட்டு, கல்லு காஞ்சு எண்ணெய் நெளியும்போது போடணும், பச்சையா இருக்கற புரதம் இரும்போட ஒட்டிக்கும், செவந்ததும் தானே விடும், அதுவரைக்கும் தொடாதீங்க. போம்பில், அதான் பாம்பே டக்னு சொல்ற மீன், அதுல தண்ணி ரொம்ப ஜாஸ்தி, அதான் இங்க கல்லு வச்சு அமுக்கி தண்ணிய வடிச்சுட்டு ரவைல பெரட்டுறாங்க.

எனக்குக் கேட்டா ஆவில வைக்கறதுதான் ஒசத்தி. பார்சிக்காரங்க பாப்லெட்டுக்கு, அதான் நம்ம வாவல் மீனுக்கு, பச்சை சட்னி பூசி வாழை இலைல மடிச்சு வைப்பாங்களே, அத நம்ம இட்லிப் பானைலயே பண்ணலாம். கரைஞ்ச ஜெலட்டின் எங்கயும் போகாம இலைக்குள்ளயே நிக்கும், உதட்டுல ஒட்டும்.

இந்த சட்னில தயிர் சேக்கலாமான்னு கேட்டா பாதிப் பேர் பதறுறாங்க, மீனும் தயிரும் சேந்தா வெண்புள்ளி வருமாம். வராது. வெண்புள்ளி பெரும்பாலும் உடம்போட எதிர்ப்பு சக்தியே நிறமிச் செல்லத் தாக்கறதால வர்றது, சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வங்காளத்துல தயிர்ல மீன் வச்சு தலைமுறை தலைமுறையா சாப்பிடுறாங்க. இந்தக் கதையால வெண்புள்ளி உள்ளவங்கள "என்னத்தத் தின்னியோ"ன்னு கேக்கறத நான் நேர்ல பாத்துருக்கேன், மனசு கொதிக்குது. நிஜமாவே பயப்படணும்னா ஐஸ் இல்லாம வெயில்ல கெடந்த பாங்டாவுக்குப் பயப்படுங்க, அதுல பாக்டீரியா ஹிஸ்டமைன் உண்டாக்கிடும், எவ்ளோ கொதிக்க வச்சாலும் அது அழியாது, முகம் செவந்து தடிப்பு வரும். இங்க மும்பை வெர்சோவால 1961-ல இருந்தே மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கு, இத்தனை படிப்பு இருக்கற ஊர்ல, துறைமுகத்துல இருந்து மார்க்கெட் வரைக்கும் மீன்காரம்மா கூடைக்கு ஐஸ் போக அரசாங்கம் செலவு பண்ணியே ஆகணும்.

மீந்த குழம்ப ஃபிரிட்ஜ்ல வச்சு காலைல திறந்தா தலையச் சுத்தி ஜெல்லி மாதிரி கட்டியிருக்கும். அவுந்த கயிறுதான், குளுருல பழையபடி முறுக்கிக்கப் பாத்து பாதி வழில ஒண்ணோட ஒண்ணு சிக்கி தண்ணியப் புடிச்சு வச்சிருக்கு. மீன் துண்ட மெதுவா எடுத்து தனியா வச்சுட்டு குழம்ப மட்டும் தளதளன்னு கொதிக்க விட்டு, அடுப்ப அணைச்சப்புறம் மீன உள்ள விட்டு மூடி வைங்க, துண்டு சூடேறினதும் இட்லியோட எடுத்து வைங்க.