கொழுப்பு அல்ல, தைராய்டு

“இவளுக்குக் கொழுப்பு கூடிவிட்டது டாக்டர். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள்.”

போன வாரம், மும்பை செம்பூரிலுள்ள என் கிளினிக்கில், மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே ஒருவர் சொன்னார். இந்த மாதம் இதைக் கேட்பது மூன்றாவது முறை.

அந்த அம்மா வாய் திறக்கவில்லை. புழுக்கமே இல்லாத காலையில் வியர்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைகளை முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தேன். தாளின் ஓரம் நடுங்கியது. நாடி 112. நன்றாகச் சாப்பிட்டும் மூன்று மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியிருக்கிறார். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிகுந்திருந்தது. கணவர் சொன்ன கொழுப்போ குறைவுதான். தைராய்டு ஏறினால் கொலஸ்ட்ரால் இறங்கும்.

எரிச்சலைக் கோபம் என்கிறார்கள், திமிர் என்கிறார்கள். சம்பளத்தைப் பிடித்துவைத்த முதலாளி மேல் வருவது கோபம். அதற்கு ஆளும் உண்டு, காரணமும் உண்டு. குக்கர் விசில், குழந்தையின் சிரிப்பு, பக்கத்தில் ஒருவர் முறுக்கு கடிக்கும் சத்தம் எல்லாமே உரசுகிறதென்றால் அது எரிச்சல். நேற்று வரை தாங்கியதை இன்று தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறி. “சுபாவமே அப்படி” என்பவர்களுக்கு: இருபது வருடமாக அப்படியென்றால் சுபாவம், ஒப்புக்கொள்கிறேன். தீபாவளிக்குப் பிறகுதான் அப்படியென்றால்?

பெரும்பாலும் காரணம் தூக்கக் குறைவுதான். முதல் லோக்கல் ரயிலைப் பிடிக்க விடியுமுன் எழுந்து, நள்ளிரவு வரை கைப்பேசி பார்ப்பவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலும் வரும். புகையையோ குடியையோ விட்ட முதல் நாட்களில் வரும். ஸ்டீராய்டாலும் வரலாம், வலிப்புக்குத் தரும் லெவெடிராசெட்டாமாலும் வரலாம். இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; பிறகு நானும் எரிந்து விழுவேன்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் மனச்சோர்வு அழுகையாக வராமல் சிடுசிடுப்பாகவே வருவதுண்டு. தயவுசெய்து கையை ஓங்காதீர்கள். மருத்துவரிடம் போகத் தயங்கினால், மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் எண் 14416; கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

கிளினிக்குக்கு வரும்போது எல்லா மாத்திரைகளையும் எடுத்துவாருங்கள். “அது சும்மா சின்ன மாத்திரை டாக்டர்” என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறீர்களே, பல நேரம் நான் தேடுவது அதைத்தான்.