ஓகி: புளிப்பு எதைக் காக்கும், எதைக் காக்காது

விடியற்காலையில் நைஜீரியாவின் லாகோஸ் தெருமுனைகளில் அகாரா பொரியும் சட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பானை இருக்கும். அகாரா என்பது காராமணி வடை. பானையில் கொதிப்பது புளித்த மக்காச்சோளக் கூழ். யோருபா மக்கள் அதை ஓகி என்பார்கள். இக்போ வீடுகளில் அகமு, கானாவில் கோகோ, நைஜீரிய ஆங்கிலத்தில் 'பாப்'. காய்ச்சலில் கிடப்பவருக்கும் பல் முளைக்காத குழந்தைக்கும் முதலில் நினைவுக்கு வரும் உணவு இதுதான். அதனாலேயே இதைத் தப்பாகச் செய்தால் அடிபடுவதும் அவர்கள்தான்.

"புளித்துவிட்டால் கிருமி செத்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மை. புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். நன்றாகப் புளித்த ஓகியின் பிஎச் 4-க்குக் கீழே, 3.5 வரைகூட இறங்கும். வயிற்றுப்போக்கைத் தரும் கிருமிகளில் பெரும்பாலானவை அந்தப் புளிப்பில் பெருகமுடியாது. ஆனால் சோளத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட நஞ்சைப் புளிப்பும் அகற்றாது, கொதியும் அகற்றாது. ஆகவே வேலை அடுப்பில் தொடங்குவதில்லை, முறத்தில் தொடங்குகிறது.

முற்றி உலர்ந்த வெள்ளை அல்லது மஞ்சள் மக்காச்சோளம் ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீட் கார்னில் மாவுச்சத்து போதாது. கார்ன்ஃப்ளார் பொட்டலம் வெறும் ஸ்டார்ச், அதில் கொழகொழப்பு வரும், ஓகி வராது. ரோஸ் அல்லது சிவப்புச் சாயம் ஏறிய சோளம் விதைக்கென்று மருந்து கலந்தது. எத்தனை முறை கழுவினாலும் அதைச் சாப்பிடக்கூடாது.

தட்டில் பரப்பி ஒவ்வொரு பிடியாகப் பாருங்கள். பச்சை, கறுப்பு படிந்தவை, சுருங்கியவை, உடைந்தவை, பூச்சி துளைத்தவை எல்லாம் வெளியே. அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை விடும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு பெரும்பாலும் இந்த மாதிரி மணிகளில்தான் குவிந்திருக்கும். 2004-இல் கென்யாவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தால் 125 பேர் இறந்தார்கள். அளவு குறைவாக இருந்தாலும், வருடக்கணக்கில் உள்ளே போனால் ஈரலைக் கெடுக்கும். இபாடனில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையம், நஞ்சு விடாத பூஞ்சை வகைகளை வயலிலேயே தூவி நஞ்சு விடுபவற்றை ஓரங்கட்டும் 'அஃப்லாசேஃப்' முறையை ஆப்பிரிக்காவில் பரப்பிவருகிறது. வீட்டில் நம் கையில் இருக்கும் கருவி கண்தான். பொறுக்கிய பிறகு தண்ணீரில் கொட்டி, மிதக்கும் மணிகளையும் அள்ளி எறியுங்கள்.

இன்னொரு நஞ்சைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. 2015 ஜனவரியில் மொசாம்பிக்கின் சிட்டிமாவில், வெள்ளத்தில் நனைந்த சோளமாவில் காய்ச்சிய நாட்டு பீரைக் குடித்து 75 பேர் இறந்தார்கள். 2020 அக்டோபரில் வடகிழக்குச் சீனாவில் புளித்த சோளமாவு நூடுல்ஸ் சாப்பிட்ட ஒரே குடும்ப விருந்தில் 9 பேர் இறந்தார்கள். இரண்டிலும் பர்க்கோல்டேரியா என்ற பாக்டீரியா விடும் போங்க்ரெகிக் அமிலம்தான் காரணம். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, கொதிக்கவைத்தாலும் அழியாது. இந்த பாக்டீரியா புளிப்பு ஏறாத, வெதுவெதுப்பான ஈர மாவில் செழிக்கும். அதனால் இரண்டு விஷயங்களில் கறாராக இருக்கவேண்டும். ஒருமுறை நனைந்து காய்ந்த சோளத்தையோ மாவையோ ஓகிக்கு எடுக்காதீர்கள். மூன்று நாளாகியும் புளிக்காத ஓகியை 'இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்' என்று வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

இனி ஊறல். ஒரு கிலோ சோளத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பாத்திரம் எவர்சில்வர், மண்பானை அல்லது உணவுக்கான பிளாஸ்டிக். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். முப்பது டிகிரி வெயில் ஊரில் இரண்டு நாள், குளிரில் மூன்று நாள். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினால் நாற்றம் குறையும், ஆனால் அப்போதுதான் பெருகத் தொடங்கிய, புளிப்பைத் தரும் லாக்டிக் பாக்டீரியாவும் கூடவே போய்விடும். முதல் 24 மணி நேரம் முடிந்ததும் ஒரே ஒரு முறை மட்டும் மாற்றுங்கள். பழைய தண்ணீரில் ஒரு டம்ளரை எடுத்து வைத்து, புதுத் தண்ணீரில் சேர்த்துவிடுங்கள். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். மணியை நகத்தால் அழுத்தினால் உள்ளே இறங்கவேண்டும். அதுதான் பதம்.

கழுவி, மைய அரையுங்கள். மிக்சி என்றால் இரண்டு கரண்டி சோளமாகப் போட்டு, தாராளமாகத் தண்ணீர் விட்டு, இடையில் ஜாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அரைக்கவேண்டும். ஜார் கை பொறுக்காத சூடு ஏறினால் ஸ்டார்ச் அங்கேயே வெந்து, பிறகு துணியில் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். கிரைண்டரில் இந்தத் தொல்லை இல்லை. அரைத்ததை நனைத்த மல்துணியில் ஊற்றி, மேலே நாலு லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்து பிழியுங்கள். சக்கை ஆட்டுக்கும் கோழிக்கும்.

வடித்த பாலை மூடி, அசைக்காமல் வையுங்கள். சில மணி நேரத்தில் மாவு அடியில் இறுகி, மேலே மஞ்சளோடிய தெளிநீர் நிற்கும். உண்மையான புளிப்பு அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ஏறும். முக்கியமாக லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் அமிலத்தை உண்டாக்குகிறது, ஈஸ்ட் மணம் சேர்க்கிறது. இட்லி மாவு மாதிரி பொங்கும் என்று காத்திருக்காதீர்கள், ஓகி பொங்காது. சின்னச் சின்னக் குமிழ்களும் மோர் மாதிரியான வாசமும் போதும். பிஎச் தாள் சில ரூபாய்க்குக் கிடைக்கும், 4-க்குக் கீழே காட்டினால் நிம்மதி. நூல் நூலாக இழுபடுதல், அழுகிய வெண்ணெய் நாற்றம், ரோஸ், பச்சை, கறுப்புத் திட்டு, இவற்றில் எது தெரிந்தாலும் மேலோட்டமாக வழித்துவிட்டுத் தப்பிக்க முடியாது, மொத்தமும் குப்பைக்கு. புளிப்பு அதிகமாகிவிட்டால் மட்டும் கவலை இல்லை. தெளிநீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடி தெளியவிடலாம்.

அந்தத் தெளிநீருக்கு யோருபாவில் ஓமிடுன் என்று பெயர். மூலிகை ஊறவைக்கவும் வயிற்றுப்போக்குக்கு மருந்தாகவும் பயன்படுத்துவார்கள். காய்ச்சாத நீர் அது. பேதியாகும் குழந்தைக்குத் தரவேண்டியது ஓஆர்எஸ், அதோடு மருத்துவர் சொல்லும் துத்தநாக மருந்து. ஓமிடுன் அந்த இடத்தை நிரப்பாது.

காய்ச்சுவதில்தான் அதிகப்பேர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் வடிந்த ஈர மாவு 200 கிராமைப் பச்சைத் தண்ணீர் 200 மில்லியில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். 600 மில்லி தண்ணீர் அடுப்பில் தளதளவெனக் கொதிக்கும்போதே கரைசலை ஊற்றி, கை ஓயாமல் கிளறி, ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பாலாக இருந்தது கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் வெந்துவிட்டது. கிண்ணத்தில் மாவை வைத்து மேலே வெந்நீர் ஊற்றுவது வேகமான வழிதான், ஆனால் தண்ணீர் சற்று ஆறியிருந்தாலும் ஸ்டார்ச் வேகாது. மக்காச்சோள ஸ்டார்ச் இறுகவே 62 முதல் 72 டிகிரி வேண்டும். நீர்த்துப்போனால் மேலும் மாவைக் கொட்டாமல் அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் நீரை நேராகக் கட்டி மாவில் ஊற்றினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக உருண்டை கட்டும். பாலைப் பானையில் சேர்த்தால் புளிப்பில் திரியும். கிண்ணத்தில் கூழ் சற்று ஆறியபின் சேர்க்கவேண்டும். கெட்டியாகக் காய்ச்சி இலையில் பொதிந்து ஆறவைத்தால் அதுவே எக்கோ, இக்போவில் அகிடி.

மிச்ச ஈர மாவை மேலே நீர் நிற்க ஃபிரிட்ஜில் வைத்து, நீரைத் தினமும் மாற்றினால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். காய்ச்சிய கூழை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவேண்டாம். குழந்தை வாயில் வைத்த ஸ்பூனைப் பானைக்குள் விட்டால் கொஞ்ச நேரத்தில் கூழ் தண்ணீராகிவிடும். எச்சிலில் உள்ள, ஸ்டார்ச்சை உடைக்கும் அமிலேஸ் என்ற நொதியின் வேலை அது. 'கூழ் கெட்டுப்போச்சு' என்று வரும் புகார்களில் இதுவும் உண்டு.

இப்போது குழந்தை. வடிகட்டும்போது தவிட்டோடு கருவும் போகிறது, அதனுடன் புரதமும் கொழுப்பும். மேலே சொன்ன அளவில் காய்ச்சிய கூழில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 40 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. தாய்ப்பாலில் அதே அளவுக்கு 65 கலோரிக்கு மேல். அதாவது தாய்ப்பாலைக் குறைத்து ஓகியைக் கூட்டினால் குழந்தைக்குக் கிடைப்பது குறைகிறது. கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1930-களில் விவரித்த, புரதக் குறைவால் வரும் குவாஷியார்கர் நோய், பால் மறந்து சோளக்கூழில் வளர்ந்த குழந்தைகளிடம் கண்டது. கானாவில் பேசும் கா மொழியில் அந்தப் பெயரே, அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தைய குழந்தைக்கு வரும் நோயைக் குறிப்பது.

ஆறு மாதம் முடிந்தபின் கொடுக்கும்போது கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, நன்றாக வறுத்து அரைத்த சோயா மாவையோ, நைஜீரியத் தாய்மார்கள் செய்வதுபோல் உலர்ந்த இறால் பொடியையோ, வெந்த முட்டையையோ சேருங்கள். லாகோஸ் ஓஷோடியிலுள்ள கூட்டாட்சித் தொழில் ஆராய்ச்சி நிலையம் சோயா-ஓகியை உருவாக்கியதும் இதே குறையை நிரப்பத்தான். வேர்க்கடலை விழுதும் நல்லது, ஆனால் அதிலும் அஃப்லாடாக்சின் ஏறும் என்பதால் பொறுக்கியே வறுக்கவேண்டும். கெட்டிக் கூழ் விழுங்கச் சிரமமானால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கை பொறுக்கும் சூட்டில் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் கலந்து பத்து நிமிடம் விட்டால் இளகிவிடும், சத்து குறையாது. பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள், முளைகட்டிய மாவில் கிருமி அதிகம். முளைவிட்ட வெள்ளைச் சோளத்தை (மக்காச்சோளம் அல்ல, ஜோவர்) இதற்குப் பயன்படுத்தவேண்டாம். அதன் முளையில் சயனைடு உண்டு.