எத்தன லிட்டர்னு அப்புறம் பாக்கலாம், விழுந்தா முதுகு என்னாகும்னு பாருங்க

கத்திரி வெயில் ஆரம்பிச்சா போதும், கிளினிக்குக்கு வர்ற சைக்கிள் பசங்க எல்லாரும் ஒரே கேள்விதான், "சார், ஹைட்ரேஷன் பேக் 2 லிட்டர் வாங்கட்டுமா 3 லிட்டரா?" முதுகுல மாட்டிக்கிட்டு டியூப் வழியா தண்ணி குடிக்கிற பைதான் அது. வேலூர்ல மே மாசம் 40 டிகிரிய தாண்டுறது ஒண்ணும் புதுசில்ல, அதனால தண்ணி கவலை நியாயமானதுதான். ஆனா நான் பிசியோதெரபிஸ்ட், ஃப்ரீரைடு, அதாவது மலை இறக்கத்துல குதிச்சு குதிச்சு சைக்கிள் ஓட்டிட்டு என்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் பேக்க மாட்டிக்கிட்டு விழுந்து, இல்ல பொருந்தாத பேக்க மாட்டி மாட்டி கழுத்து தோள்பட்டை புடிச்சுக்கிட்டு வர்றவங்கதான்.

காட்பாடில ஒரு பையன், காலேஜ் படிக்கிறான், மலை இறக்கத்துல ஒரு பாறைல இருந்து குதிச்சு மல்லாக்க விழுந்துட்டான். டி-ஷர்ட்ட தூக்கி பாத்தா முதுகுல ஒரு ஜாண் நீளத்துக்கு நீலமா கோடு, கோட்டு முனைல வட்டமா ஒரு அச்சு. காத்தடிக்கிற ஹேண்ட் பம்பு! பேக்குல நட்ட நடுவுல, தண்ணி பைக்கு பக்கத்துல சொருகி வெச்சிருக்கான். எக்ஸ்ரேல முதுகெலும்புக்கு சைடுல நீட்டிட்டு இருக்கிற சின்ன எலும்புல விரிசல், அதோட போச்சு, நல்ல காலம். "இன்னா சார், பேக் இருந்ததாலதான் தப்பிச்சேன்னு நெனச்சேன்"னான். தண்ணி நெறஞ்ச பை கொஞ்சம் அடிய வாங்கியிருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா அந்த பம்பு இல்லாம இருந்திருந்தா எலும்பு வரைக்கும் போயிருக்காதுன்றது என் கணக்கு. பம்பு, டயர் லிவர், மல்ட்டி டூல், பூட்டு சாவி எதுவா இருந்தாலும் முதுகெலும்பு நேருக்கு வரவே கூடாது. ஃப்ரேம்ல ஸ்ட்ராப் போட்டு கட்டுங்க, இல்லன்னா பேக்கோட வெளிப்பக்கம், உள்ள மடிச்சு வெச்ச ஜாக்கெட்டுக்கு பின்னாடி ஓரமா வைங்க. டூலுக்குன்னு தனியா, முதுகுல இருந்து தள்ளி அறை வெச்சிருக்கிற பேக்கா பாருங்க.

இந்த மாதிரி பேக் பொறந்த கதையே வேற. 80கள் கடைசில டெக்சாஸ்ல, உச்சி வெயில்ல நடக்கிற 100 மைல் சைக்கிள் ரைடுக்காக மைக்கேல் எய்ட்சன்னு ஆம்புலன்ஸ் வேலை பாத்த ஒருத்தர், குளுக்கோஸ் ஏத்துற பைல தண்ணிய ரொப்பி, ஒரு நீள சாக்ஸுக்குள்ள போட்டு சட்டை முதுகுல மாட்டிக்கிட்டு ஓட்டினாரு, அதுதான் கேமல்பேக்ன்ற பிராண்டு ஆச்சு. அதாவது ரோட்டுல நிக்காம குடிக்கணும்னு செஞ்ச சாமான் இது. நீங்க பண்றது செங்குத்து இறக்கம், ஜம்ப், அதுவும் நம்ம பக்கம் கருங்கல்லு மேல. (ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறத பத்தி நான் தனியா திட்டணும், இப்ப வேணாம்.)

அதனால ஃப்ரீரைடுக்குன்னா முதுகு பேடு உள்ள இருக்கிற பேக்தான் வாங்க சொல்வேன். லேபிள்ல இஎன் 1621-2னு போட்டிருக்கான்னு பாருங்க, அது மோட்டார்சைக்கிள் ஓட்டுறவங்க முதுகு பேடுக்கான ஐரோப்பிய தரம். லெவல் 1ன்னா டெஸ்ட்ல அடிக்கிற அடி உள்ள போறது சராசரியா 18 கிலோநியூட்டனுக்கு (விசைய அளக்கிற அலகு) மேல போகக்கூடாது, லெவல் 2ன்னா 9. வெறும் "பேக் ப்ரொடெக்ஷன்"னு மட்டும் எழுதியிருந்தா அது சும்மா ஸ்பாஞ்ச்சா கூட இருக்கலாம். இன்னொன்னு, இந்த பேடு நேரடி அடியத்தான் கொறைக்கும், தலை குத்தி விழுந்து கழுத்து மடங்கினா, இடுப்பு முறுக்கினா அத தடுக்காது, பேடு போட்டிருக்கேன்னு பெரிய ஜம்ப்புக்கு போறவங்கள பாத்தா எனக்கு பயமா இருக்கு.

அளவு பாக்குறது எப்படின்னா, தலைய குனிஞ்சா கழுத்து அடில ஒரு எலும்பு துருத்தும்ல, அங்கிருந்து இடுப்பெலும்பு மேல் விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு அளந்துட்டு கம்பெனி சைஸ் சார்ட்டோட பாருங்க. உங்க உயரத்த வெச்சு வாங்காதீங்க, உயரமா இருக்கிறவங்களுக்கும் உடம்பு குட்டையா கால் நீளமா இருக்கும். வீட்டுக்கு வந்ததும் தண்ணி ரொப்பி, ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போட்டு, சைக்கிள் மேல ஏறி, பின்னாடி சாஞ்சு இறங்குற பொசிஷன்ல நில்லுங்க. ஹெல்மெட் பின்பக்கம் பேக்குல இடிக்குதா? இடிச்சா தல தூக்க முடியாது, முன்னாடி ரூட் தெரியாது, அத திருப்பி அனுப்பிடுங்க. ரெண்டு குதி குதிச்சு பாருங்க, பேக் மேல எகிறி பிடரில அடிச்சா இடுப்பு பெல்ட்டு பத்தல. இடுப்பு பெல்ட்டு அகலமா, வயித்துல இல்லாம எலும்பு மேல உக்காரணும், நெஞ்சு ஸ்ட்ராப் மூச்சு புடிக்கிற அளவுக்கு இறுக்கக்கூடாது. பசங்க பெல்ட்ட தொங்க விட்டுட்டு தோள்லயே எல்லா வெயிட்டையும் தாங்குறாங்க, கழுத்து வலிக்கு பாதி காரணம் அதான்.

பேக்கோட தையலும் கெட்டியா இருக்கணும், அத பாக்க தெரியலன்னா ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ ஃபேக்டரில வேலை பாக்குற சொந்தக்காரங்க யாராவது இல்லாமயா போயிடுவாங்க, அவங்ககிட்ட குடுங்க, ஸ்ட்ராப் பேக்கோட சேர்ற இடத்த ஒரு இழு இழுத்து பாத்து சொல்லிடுவாங்க.

சரி, லிட்டருக்கு வருவோம். 1 லிட்டர் 1 கிலோ, 3 லிட்டர்னா காத்துல இருக்கும்போது 3 கிலோ முதுகுல ஆடுது. ரொப்பினதும் பைய தலைகீழா கவுத்து டியூப் வழியா காத்த உறிஞ்சி எடுத்துடுங்க, குலுங்குறது கொறையும். எவ்ளோ வேணும்னு தெரிய, ரைடுக்கு முன்னாடி பின்னாடி வெயிட் பாருங்க, குடிச்ச தண்ணிய கூட்டிக்கங்க, கொறஞ்ச ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய 1 லிட்டர் வேர்வை. காலைல 6 மணிக்கு போய் வெயில் ஏறுறதுக்குள்ள திரும்புறவங்களுக்கு 2 லிட்டரே பெரும்பாலும் போதும். ரொம்ப நேரம்னா வெறும் தண்ணியே மடக்கு மடக்குன்னு குடிக்காதீங்க, ரத்தத்துல உப்பு கொறஞ்சு அதுவும் ஆபத்து, ஓஆர்எஸ் பாக்கெட்ட அதுல போட்டிருக்கிற அளவு தண்ணில கரைச்சு தனி பாட்டில்ல சைக்கிள்ல மாட்டுங்க. பிளாடர்ல, அதாவது பேக்குக்குள்ள இருக்கிற தண்ணி பைல போட்டா டியூப்புக்குள்ள பூஞ்சை புடிக்கும், கழுவவும் யாரும் கழுவ மாட்டீங்க. கூட வந்தவன் வெயில்ல உளற ஆரம்பிச்சா, நடை தடுமாறினா, நிழல்ல படுக்க வெச்சு மேல தண்ணிய ஊத்தி விசிறிக்கிட்டே 108க்கு அடிங்க, அந்த நேரத்துல வாயில தண்ணி ஊத்தாதீங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்களுக்கு ஒண்ணு. பேட வெளிய எடுத்து காட்ட சொல்லுங்க, மடிப்பு, விரிசல், ஒரு இடத்துல மட்டும் அமுங்கின தடம் இருந்தா அது ஏற்கனவே ஒருத்தர் முதுகுக்கு வேலை பாத்த பேடு. சில பேடு பல அடி தாங்கும், சிலது ஒரு பெரிய அடியோட சரி, எதுன்னு லேபிள்லயோ கம்பெனி குறிப்புலயோ பாருங்க. லேபிள கிழிச்சிட்டேன்னு சொன்னா எவ்ளோ கம்மியா குடுத்தாலும் வேணாம்.